விளங்கும் ஐந்து வார்த்தை

வேத பாடம்: வேலை ஸ்தலத்தில் விசுவாசி

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 1 கொரிந்தியர் 14:6-19, ரூத் 2:4-9, 1 சாமுவேல் 25:14-17, 2 இராஜாக்கள் 5:1-14, தானியேல் 1:8-16





நம்முடைய சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்துப் படித்தால் பாதிக்கு மேல் வேலையைப் பற்றித்தான் இருக்கும். "சூப்பர்வைசர் போஸ்ட் கிடைக்க ஜெபியுங்கள்", "பெர்மனென்ட் ஆக ஜெபியுங்கள்", "மேலதிகாரி கண்களில் தயவு கிடைக்க ஜெபியுங்கள்." கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை, காக்களூர், திருமழிசை என்று எந்தப் பக்கம் போனாலும் நம்முடைய விசுவாசிகள் ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குள் கார்டு தேய்த்துப் போகிறவர்கள்தான். உபாகமம் 28:13-ஐப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் என்னைத் தலையாக்குவார்" என்று அறிக்கை செய்யாதவர் நம்மில் யார்? நானும் அறிக்கை செய்தவன்தான். கர்த்தர் வாக்கு மாறாதவர், தலையாக்குவார். ஸ்தோத்திரம்!

ஆனால் தலை ஆன பிறகு என்ன செய்வது? அதற்கு நாம் ஜெபிப்பதும் குறைவு, படிப்பதும் குறைவு. தலையில் வாய் ஒன்று, காது இரண்டு. பதவி வந்த உடனே அந்த ஒரு வாய்தான் பெரிதாகிறது. இரண்டு காதும் அடைத்துக்கொள்கிறது. யாக்கோபு 1:19 இதற்கு நேர்மாறாகக் கட்டளை கொடுக்கிறது: கேட்பதற்கு வேகம் வேண்டும், பேசுவதற்கும் கோபிப்பதற்கும் நிதானம் வேண்டும். இந்தப் பாடத்தை நான் பைபிள் காலேஜில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ஃபர்னஸ் பக்கத்தில், மிகுந்த வெட்கத்தோடு கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நடந்த சம்பவம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு உருக்கு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். பழைய இரும்பு ஸ்கிராப்பை இன்டக்‌ஷன் ஃபர்னஸில் போட்டு உருக்குகிற வேலை. உருகிய இரும்பு சுமார் 1,600 டிகிரி சூடு. அதற்குள் ஈரமான ஸ்கிராப்போ, இரண்டு முனையும் அடைபட்ட பைப்போ, வண்டியின் பழைய ஷாக் அப்சார்பரோ போய்விட்டால் அவ்வளவுதான். உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரு நொடியில் நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. விரிய இடம் இல்லாமல் வெடித்து, உருகிய இரும்பை மேலே வாரி இறைக்கிறது. அந்த வேலையில் இருக்கிற சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்கிராப் யார்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி, இருபது வயதுகூட நிறைந்திருக்காது. ஒரு நாள் எதையோ கையில் தூக்கிக் காட்டி, அவனுடைய பாஷையில் என்னிடம் கேட்டான். அன்று ஹீட் லேட். மேலே இருந்து எனக்குப் போன் மேல் போன். நான் என்ன ஏது என்று பார்க்கவில்லை. பத்து பேர் முன்னால், "வேலையைப் பாருடா, கேள்வி கேக்காதே!" என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ராத்திரி மழை. காலையில் ஷிப்ட் தொடங்கும்போது, "ஈரம் பாத்துப் போடுங்க, அடைச்ச பைப்பு போடாதீங்க" என்று எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னேன். தமிழில் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஃபர்னஸ் வெடித்தது. மேலே நின்ற நம்முடைய ஆள் ஒருவருக்குக் கையும் கழுத்தும் வெந்துபோயிற்று. உயிர் தப்பியது கர்த்தருடைய சுத்த கிருபை.

விசாரணையில் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நான் சொல்லியிருந்தேன் சார்." அது பொய் இல்லை, சொல்லியிருந்தேன். அதையே எழுதியும் கொடுத்தேன். அன்று சாயங்காலமே காண்ட்ராக்டர் அந்த ஒடிசா தம்பியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். போகிறதற்கு முன் அவனைப் பிடித்து, ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, "அடைச்ச பைப்பைப் பாத்தியா இல்லையா? ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவன் தெரிந்த தமிழில் அவனே பதில் சொன்னான்: "பாத்தேன் சார். நேத்து கேட்டேன், நீ கத்துது சார்."

அன்று ராத்திரி முழங்காலில் நின்றேன். ஆவியில் நிறைந்து அந்நியபாஷை பேசி ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே 1 கொரிந்தியர் 14:19 என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. விளங்காத பாஷையில் ஆயிரமாயிரமாகப் பேசுவதைவிட, கேட்கிறவனுக்குப் பிரயோஜனமாக ஐந்தே வார்த்தை பேசினால் போதும் என்கிறார் பவுல். அவர் அந்நியபாஷையை அற்பமாக எண்ணவில்லை. எல்லாரையும்விட அதிகமாய்ப் பேசுகிறவர் என்று முந்தின வசனத்திலேயே தேவனுக்கு நன்றி சொல்லுகிறார். ஆனால் கேட்கிறவனுக்கு விளங்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. "ஆண்டவரே, தேவதூதர் பாஷை கேட்கிற எனக்கு, அந்தப் பையனுடைய பாஷையில் 'நில்' என்று சொல்லத் தெரியவில்லையே" என்று அழுதேன்.

இந்த ஐந்து வார்த்தையை வைத்துக்கொண்டு நான்கு சத்தியங்களைத் தியானிப்போம்.

1. பாபேலில் நின்றுபோன வேலை, பெந்தெகொஸ்தேயில் தொடங்கிய வேலை

ஆதியாகமம் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு பெரிய கட்டுமான வேலை நடக்கிறது. செங்கல் உண்டு, கீல் உண்டு, ஆள் பலம் உண்டு. மெட்டீரியல் தீர்ந்து அந்த வேலை நிற்கவில்லை. ஒருவன் பேசுவது இன்னொருவனுக்கு விளங்காமல் போனது, அதனால் நின்றது. மேட்டிமையினால் வந்த நியாயத்தீர்ப்பு அது. இன்றைக்கும் மேட்டிமை உள்ள இடத்தில் பாஷை குழம்பித்தான் போகும்.

அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்கியபோது என்ன நடந்தது? பல தேசத்திலிருந்து வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் தன் சொந்த பாஷையிலே கேட்டார்கள். "முதலில் எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தேவன் அவர்களுடைய பாஷைக்கு இறங்கி வந்தார். பெந்தெகொஸ்தேகாரர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

நமக்குத் தமிழில் வேதம் எப்படிக் கிடைத்தது? 1706 ஜூலை 9-இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வாலிபன். படித்தவர், ராஜா அனுப்பிய மிஷனரி. அவர் செய்த காரியம் என்ன? சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் மணலில் விரலால் எழுதுகிறதைப் பார்த்துத் தானும் எழுதித் தமிழ் படித்தார். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. வெள்ளைக்காரப் போதகர் மணலில் 'அ' எழுதினது வெட்கம் என்று அவர் நினைத்திருந்தால், நமக்கு அந்தப் புஸ்தகம் அவர் கையால் கிடைத்திருக்குமா?

அப்படியானால் நம்முடைய யார்டில் நிற்கிற பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகளுக்காக ஐந்து வார்த்தை கற்றுக்கொள்வது நமக்குக் குறைச்சலா? நான் கற்றுக்கொண்டது இது: ருக்கோ (நில்), ஹட்டோ (விலகு), பந்த் (நிறுத்து, அணை), கத்ரா (ஆபத்து), போலோ (சொல்லு). ஒடிசாக்காரர் பலருக்கும் ஹிந்தி ஓரளவு ஓடும். தடா, சூலூர்பேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆகு, செப்பு என்றால் போதும். முதல் நாலு வார்த்தை உத்தரவு. ஐந்தாவது வார்த்தை காது. அந்த ஐந்தாவது வார்த்தை இல்லாவிட்டால் மற்ற நாலும் அதிகாரம் மட்டும்தான்.

2. சிக்னல் ஒன்று, பாதை ஒன்று

எக்காளம் தெளிவாகத் தொனிக்காவிட்டால் யுத்தத்துக்கு யார் ஆயத்தமாவான் என்று பவுல் கேட்கிறார் (1 கொரி. 14:8). நெகேமியாவும் மதில் கட்டும்போது எக்காளம் ஊதுகிறவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார், வேலை நீண்டு கிடக்கிறது, ஆட்கள் ஒருவருக்கொருவர் தூரமாயிருக்கிறார்கள், ஆகையால் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே கூடுங்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்தார் (நெகே. 4:18-20). சத்தம் வரும்போது அர்த்தம் தேடக்கூடாது. அர்த்தம் முன்னமே விளங்கியிருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 11 ராத்திரி நம்முடைய கவரைப்பேட்டையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மைசூரிலிருந்து பீகாரில் உள்ள தர்பங்காவுக்குப் போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ். மெயின் லைனில் போக சிக்னல் கொடுக்கப்பட்டிருந்தது. வண்டியோ லூப் லைனுக்குள் போய், அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பல பெட்டிகள் தடம் புரண்டன, பலர் காயப்பட்டார்கள். ஒரு உயிரும் போகாமல் கர்த்தர் காத்தார். அந்த விபத்தின் காரணத்தைப் பேசுவது நம் வேலை இல்லை. ஆனால் அந்தக் காட்சியை மனதில் வையுங்கள்: காட்டின சிக்னல் ஒன்று, சக்கரம் போன பாதை வேறொன்று. என் ஃபர்னஸில் நடந்ததும் அதுதான். என் வாயில் சிக்னல் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பையன் மனதில் பாதை மாறியிருந்தது. நான் பாதையைப் பார்க்காமலே, "சிக்னல் போட்டேன் சார்" என்று எழுதிக் கொடுத்தேன்.

எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறார். பிலிப்பு ஓடிப்போய், வாசிக்கிறது விளங்குகிறதா என்று கேட்கிறார் (அப். 8:30-31). ஒருவன் வழி காட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்று மந்திரி வெட்கப்படாமல் சொல்லுகிறார். நம் ஊரில் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? "புரிஞ்சுதா?" என்றால், "புரிஞ்சுது சார்" என்பார்கள். புரியவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? ஆகையால் "புரிஞ்சுதா" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேளுங்கள். பாஷை தெரியாதவனிடம், "செஞ்சு காட்டு" என்று கேளுங்கள். அடைத்த பைப்பையும் திறந்த பைப்பையும் முன்னால் வைத்து, எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவன் கையாலேயே பிரித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஷிப்ட் மாறும்போதும் இதே கதைதான்: ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடாமல், அடுத்து வருகிறவரை மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இன்னொரு காரியம். நம்முடைய கன்வென்ஷன்களில் வெளிமாநில ஊழியர் வந்தால் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அவர் முடிக்கும்வரை பிரசங்கியார் பொறுமையாக நிற்கிறார். 1 கொரி. 14:27-28-இலும் அர்த்தம் சொல்லுகிறவன் வேண்டும் என்று ஒழுங்கு இருக்கிறது. ஆலையிலும் அதே ஒழுங்கு வையுங்கள். அவர்களில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரை முன்னே நிறுத்துங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

3. நாபாலா? நாகமானா?

வேதத்தில் இரண்டு பெரிய மனுஷரைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாபால் பெரிய ஐசுவரியவான். ஆயிரக்கணக்கில் ஆடு. தாவீதின் ஆட்களிடம் சீறி விழுந்தான், ஆபத்து வீட்டை நோக்கி வருகிறது. வேலைக்காரனுக்கு அது தெரியும். ஆனால் அவன் எஜமானிடம் போகவில்லை, அபிகாயிலிடம் போனான். ஏன்? அந்த மனுஷனிடம் யாரும் பேச முடியாது என்று அவனே சொல்லுகிறான் (1 சாமு. 25:17). பிரியமானவர்களே, இந்த வசனத்தை வாசித்தபோது நான் நடுங்கிப்போனேன். அந்த ஒடிசா தம்பிக்கு நான் நாபாலாக இருந்தேன்! அவனுக்குப் போக ஒரு அபிகாயில்கூட இல்லை.

நாகமானும் பெரிய மனுஷன்தான், சேனாபதி. கோபக்காரனும்கூட, எலிசா வெளியே வந்து பார்க்கவில்லை என்று உக்கிரமாகத் திரும்பிப் போனான். ஆனால் அவனிடத்தில் ஒன்று இருந்தது. அவனுடைய வேலைக்காரர் அவன் கோபமாயிருக்கும்போதே கிட்டவந்து, தகப்பனே என்று கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள் (2 இராஜா. 5:13). அதற்கு முன்னாலும் பாருங்கள்: வேறு தேசத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சின்னப் பெண், அந்த வீட்டில் வேலை செய்கிறவள், அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையில்தான் அவன் சுகமாவதற்கு வழி திறந்தது. வெளியூர் வேலைக்காரப் பிள்ளையின் பேச்சு சேனாபதியின் காதுக்கு எட்டுகிற வீடு அது. அவன் குஷ்டம் நீங்கிற்று. நாபாலோ பத்து நாளில் செத்தான். யாரும் பேச முடியாத மேலதிகாரிக்கு ஆபத்து கடைசி நிமிஷத்தில்தான் தெரியவரும்.

நம்முடைய மெட்ராஸ் சரித்திரத்திலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, பின்னி மில் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர். சாப்பாட்டுக்கு இடைவேளை அரை மணி நேரம்தான்; அதற்குள் கை கழுவி, சாப்பிட்டு, ஓடிவந்து நிற்க வேண்டும். இந்தக் கஷ்டத்தை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் அந்தப் பக்கத்து வியாபாரிகள்: செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். அவர்கள் போய் பி. பி. வாடியாவிடம் சொன்னார்கள். வாடியா பார்சிக்காரர், தமிழ் தெரியாதவர். நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரும் இல்லை. ஆனாலும் பெரம்பூருக்கே வந்து தொழிலாளரைக் கேட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் திரு. வி. கலியாணசுந்தரனார் தமிழில் எடுத்துச் சொன்னார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்லுவார்கள். பாஷை தெரியாதவர் ஒருவர், காதையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்குத் தலைவரானார். அந்தக் குறையை ஆலைக்குள்ளேயே கேட்கக் காது இருந்திருந்தால், தொழிலாளர் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்குமா? யோசியுங்கள்.

இதைச் சபைக்கும் சொல்லுகிறேன், முதலில் எனக்கே சொல்லுகிறேன். போதகரிடம் யாரும் பேச முடியாது என்கிற நிலைமை வந்தால் அந்தச் சபையும் நாபாலின் வீடுதான். ஆதி சபையில் கிரேக்க பாஷைக்கார விதவைகளைப் பற்றி முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர் "எதிர்த்துப் பேசுகிற ஆவி" என்று கடிந்து துரத்தவில்லை. கேட்டார்கள், ஏழு பேரை நியமித்தார்கள், வசனம் விருத்தியடைந்தது (அப். 6:1-7). அல்லேலூயா!

4. போவாசின் வயலும் கங்காணியும்

போவாஸ் வயலுக்கு வந்தவுடனே விளைச்சல் கணக்குக் கேட்கவில்லை. அறுக்கிறவர்களை ஆசீர்வதித்து வாழ்த்தினார்; அவர்களும் அவரை வாழ்த்தினார்கள் (ரூத் 2:4). பிறகு புதிதாக ஒரு பெண்ணைப் பார்த்து விசாரிக்கிறார். அறுவடை ஆட்கள்மேல் இருந்த கண்காணியின் பதிலைக் கவனியுங்கள். அவள் மோவாபிலிருந்து வந்தவள், நகோமியோடு வந்தாள், என்ன கேட்டாள், காலையிலிருந்து எவ்வளவு நேரம் வேலை செய்தாள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் எல்லாம் அவனுக்குத் தெரிகிறது! அந்நிய தேசத்துப் பெண், கூலி ஆள்கூட இல்லை, கதிர் பொறுக்க வந்தவள். அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்த கண்காணி. நம்முடைய ஷிப்டில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? "ஏய் ஹிந்தி", "டேய் வடக்கன்", "அந்த பாயைக் கூப்பிடு." நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யோவான் 10:3-இல் பிரசங்கம் பண்ணுகிறோம். திங்கட்கிழமை காலையில் ஏன் மறந்துபோகிறோம்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கிறான். ஆபத்து நேரத்தில் அந்தத் திரும்பிப் பார்த்தலிலேயே உயிர் இருக்கிறது.

போவாஸ் இன்னொன்றும் செய்தார்: அந்தப் பெண்ணை யாரும் தொந்தரவு செய்யவோ வெட்கப்படுத்தவோ கூடாது என்று தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்தார். பலர் முன்னால் வெட்கப்படுத்தப்பட்டவன் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டான். தப்பு செய்தவனைத் தனியே கூப்பிட்டுப் பேசு என்பது மத்தேயு 18:15-இல் ஆண்டவர் கொடுத்த ஒழுங்கு. அதைச் சபைச் சண்டைக்கு மட்டும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

"பாஸ்டர், நான் தலை இல்லையே, கீழேதான் இருக்கிறேன்" என்று சொல்லுகிறவர்களுக்குத் தானியேல் முதலாம் அதிகாரம் இருக்கிறது. சாப்பாட்டு விஷயத்தில் மனச்சாட்சிக் கஷ்டம் வந்தபோது அவர் முறைத்துக்கொண்டு நிற்கவில்லை; பின்னால் போய் முறுமுறுக்கவும் இல்லை. முதலில் பிரதானியிடம் தாழ்மையாய்க் கேட்டார். அவன் ராஜாவுக்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தது. மேலதிகாரிக்கும் மேலே ஒரு பயம் உண்டு, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று ஒரு வழியைக் கையில் கொடுத்தார். மரியாதை இருந்தது, யோசனை இருந்தது, கெடு இருந்தது. "இது சரியில்லை சார்" என்று நிறுத்தாமல், "இதை இப்படிச் செய்து ரெண்டு நாள் பாக்கலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் உயிர் ஆபத்து என்றால் கெடு பார்க்காதீர்கள். சத்தம் போடுங்கள். அடக்கம் வேறு, மௌனம் வேறு.

பிறகு நடந்தது

அந்த ராத்திரி ஜெபத்துக்குப் பிறகும் இரண்டு நாள் ஆண்டவரோடு போராடினேன். "எழுதிக் கொடுத்தது கொடுத்தாச்சு, விடு" என்று மனசு சொல்லிற்று. மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், "சார், நான் எழுதினது முழு உண்மை இல்லை. முந்தின நாள் அந்தப் பையன் கேட்டான், நான் வாயை அடைச்சேன். தப்பு என்னுடையது" என்றேன். எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷம் இன்கிரிமென்டும் நின்றது. பொய்யான சாட்சி சொல்லி நிம்மதியில்லாமல் இருப்பதைவிட அது நல்லது.

பிறகு அந்தத் தம்பி தங்கியிருந்த ரூமைத் தேடிப் போனேன். எட்டு பேர் இருக்கிற ஒரு ரூம். பத்து பேர் முன்னால் கத்தினேன். அந்த ஏழு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு டீ வாங்க ஓடினான். ஒரு வாரத்தில் திரும்ப வேலைக்கு வந்தான். வந்த அன்றைக்கு அவனிடம்தான் அந்த ஐந்து வார்த்தையைக் கற்றுக்கொண்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். சிரிக்கிறவன் பேசுவான்.

ஏறக்குறைய நாலு மாதம் கழித்து ஒரு மதியம், பக்கெட் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்து ஒரு சத்தம்: "ருக்கோ சார், ருக்கோ!" கிரேனை நிறுத்தினோம். பக்கெட்டை இறக்கிக் கொட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன சிலிண்டர், வால்வு மூடினபடியே. அன்று ஒன்றும் நடக்கவில்லை. பேப்பரில் வரவில்லை, ரிஜிஸ்டரில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் மேலே நின்ற மூன்று பேர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். ஒருவன் வாயைத் திறந்ததினால் போனார்கள்.

வெந்துபோன அந்தச் சகோதரனின் கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. என்னை மன்னித்துவிட்டார். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐந்தாவது வார்த்தை ஞாபகம் வருகிறது. போலோ. சொல்லு, நான் கேட்கிறேன்.

தேவபிள்ளையே, கர்த்தர் உன்னைத் தலையாக்குவார். தலையாக்கும்போது உன் கீழே இருக்கிற கடைசி ஆள், உன்னிடம் வந்து பயமில்லாமல் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் நீ தலை. முடியாவிட்டால் உனக்கு பேட்ஜ் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. உங்களோடு வேலை செய்கிற வெளிமாநிலத்தார் மூன்று பேருடைய பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

2. அவர்களிடமே ஐந்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். பதிலுக்குத் தமிழில் ஐந்து வார்த்தை கற்றுக்கொடுங்கள்.

3. "புரிஞ்சுதா?" என்று கேட்பதற்குப் பதில், "சொல்லிக் காட்டு, செஞ்சு காட்டு" என்று கேளுங்கள்.

4. பலர் முன்னால் யாரையாவது வெட்கப்படுத்தியிருந்தால், பலர் முன்னால் ஒப்புரவாகுங்கள்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் கலந்துபேச

அ. நாபாலின் வேலைக்காரன் ஏன் எஜமானிடம் போகவில்லை? நம் வீட்டில் பிள்ளைகள் நம்மிடம் பயமில்லாமல் பேசுகிறார்களா?

ஆ. ரூத்தைப் பற்றி அந்தக் கண்காணி அறிந்திருந்த காரியங்கள் எத்தனை?

இ. தானியேல் கேட்ட விதத்துக்கும் நாம் மேலதிகாரியிடம் கேட்கிற விதத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஜெபம்

அன்புள்ள பரம தகப்பனே, ஏழையின் கூப்பிடுதலைக் கேட்கிற தேவனே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாய்க்குக் காவல் வையும், எங்கள் காதுகளைத் திறந்தருளும். நாங்கள் வெட்கப்படுத்தினவர்களிடம் போய் ஒப்புரவாகத் தாழ்மையைத் தாரும். ஃபர்னஸ் பக்கத்திலும் மெஷின் பக்கத்திலும் கிரேன் அடியிலும் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையையும், எந்த பாஷை பேசுகிறவனானாலும், உமது இரத்தக்கோட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். போன கால்களோடும் கைகளோடும் அவர்கள் வீடு திரும்பட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.